நானூற்றிப் பதினேழாவது குரல்

கிட்ட வந்து உட்காரு புஷ்பம். இன்னும் கிட்ட. அந்த நீல நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் குட்டை, அசைஞ்சா கிரீச்சுன்னு கத்தும், ரஹ்மத் திரும்பிப் பார்ப்பாள். இந்த ஸ்டூலில் என்னை ஒட்டி உட்காரு. நீ செத்து இன்னைக்கு முப்பத்தெட்டு நாள். செத்தவளை உட்காரச் சொல்லுதாளே, இவளுக்கு என்ன கிறுக்கா என்று கேட்காதே, உன்கிட்ட சொல்லாமல் இதை நான் வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல? இங்கே இருக்கிறது நானும் ரஹ்மத்தும் மேலே சுத்துகிற ஃபேனும்தான். மத்தியானம் ரெண்டரை. வெளியே வேப்பமரத்தில் ஒத்தைக் காக்கா. நம்ம உப்பளத்து ஆட்களுக்கான ரேடியோ ஸ்டேஷன், நீ வந்து பார்த்ததுதான், ஒத்தை ரூம், நாலு சுவரிலும் முட்டை அட்டை, கதவில் பழைய போர்வை. ரஹ்மத் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஊருகிறது, எறும்பு சாரை மாதிரி. உன் குரலைத்தான் தேடுகிறாள். நீ நாற்பத்தியோரு நிமிஷம் இந்த மைக்கு முன்னால் சொன்னாயே, அந்தக் கதையை. அழிஞ்சு போச்சு. கரண்டு போய் அழிஞ்சு போச்சு என்று செல்வின் சார்கிட்ட சொன்னேன், ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தானே. உன் மகள் இமெல்டாகிட்ட சொன்னேன். இன்னைக்குக் காலையில் ரஹ்மத்கிட்டயும் சொன்னேன். மூணு பேர்கிட்ட சொன்ன பிறகு எனக்கே அன்னைக்குக் கரண்டு போன மாதிரி இருக்கு, ஃபேன் நின்ன மாதிரி, இருட்டின மாதிரி. கரண்டு போகவில்லை புஷ்பம். நான்தான் அழிச்சேன். இந்த விரலால.

இந்தப் பொண்ணைப் பார்த்தாயா, கண்ணாடி போட்டவள், ரஹ்மத். டவுனில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொள்கிறாள், சனிக்கிழமை சனிக்கிழமை இங்கே வந்து நம்ம பொட்டியைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போவாள். முப்பத்தி நாலு வயசு, ஒரு பெண் குழந்தை, அது மணிக்கு ஒரு தடவை போனில் “உம்மா எப்ப வருவே” என்று கேட்கும். பொட்டியில் ஒரு படம் ஒட்டியிருக்கு பாரு, வெள்ளை வயிறும் மஞ்சள் மூக்குமாக. நான் வாத்து என்றுதான் நினைச்சிருந்தேன். “அது வாத்து இல்ல பெரியம்மா, பெங்குவின். இந்தக் கம்ப்யூட்டர் லினக்ஸ்லா, அதுக்கு அதுதான் அடையாளம். பனிக்கட்டியில இருக்கும்” என்றாள். பனிக்கட்டியில் இருக்கிறதுக்கு நம்ம தூத்துக்குடி வெயிலில் என்ன சோலி என்று கேட்டேன், சிரித்தாள். இன்னைக்குச் சிரிக்கவில்லை. வந்ததும் பையைக்கூட இறக்காமல் முதல் கேள்வி, “அழிஞ்ச பிறகு இந்தப் பொட்டியில ஏதாச்சும் பதிஞ்சீங்களா?” எதுக்குக் கேக்கே என்றேன். அவள் சொன்னாள், “அழிஞ்சதுன்னா உடனே அழிஞ்சிராது பெரியம்மா. வாசல்ல இருக்க பேர்ப்பலகைய மட்டும் கழட்டிட்டு, வீடு காலி, யார் வேணும்னாலும் வரலாம்னு பொட்டி எழுதி வச்சிக்கிடும். அவ்வளவுதான். பழைய ஆளு உள்ளதான் இருப்பாங்க. புது ஆளு குடிவர்ற வரைக்கும் நாம தட்டிக் கூப்பிட்டா வருவாங்க.” அப்போ புது ஆளு வந்துட்டா? “வந்தா அவங்க படுக்கிற இடத்துல பழையவங்க கிடையாது.” உன் சாவுக்கும் மழைக்கும் ரெண்டு வியாழன் போக, அஞ்சு வியாழக்கிழமை, புஷ்பம். அஞ்சு வியாழக்கிழமை நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அரை மணி அரை மணியாகக் கதை சொல்லிப் பதிந்திருக்கேன். எந்த வீடு எனக்குக் கிடைச்சதோ. உன் நெஞ்சு மேல பாயை விரிச்சு உட்கார்ந்து கதை சொன்னேனோ என்னமோ. அஞ்சு தடவை என்று ரஹ்மத்கிட்ட சொன்னபோது அவள் நாக்கால் ஒரு சத்தம் கொட்டினாள், பல்லியாட்டம். அந்தச் சத்தம் இன்னும் இந்த ரூமுக்குள்ளேயே இருக்கு.

அவள் வேலை செய்கிற அழகைப் பாரு. பொட்டியை அதன் சொந்த டிஸ்க்கில் எழுப்பவே இல்லை. கையோடு கொண்டுவந்த ஒரு பென் டிரைவைச் சொருகி அதிலிருந்து எழுப்பினாள். டிஸ்க்கில் ஒரு எழுத்தும் புதுசாக விழக்கூடாதாம், பொட்டி சும்மா எழுந்து நின்றால்கூட எதையாவது எழுதிக்கொண்டே இருக்குமாம், நம்ம கணக்கப்பிள்ளை மாதிரி. அப்புறம் இன்னொரு சின்ன டிஸ்க்கைச் சொருகினாள். அது எதுக்கு? “எடுக்கிறத எல்லாம் இதுல போடணும். அதுலேயே போட்டா, காப்பாத்துன ஆளக் கொண்டுபோயி காப்பாத்த வேண்டிய ஆளு மேல போட்ட மாதிரி ஆயிரும்.” பிறகு படபடவென்று தட்டினாள். மவுஸைத் தொடவே இல்லை. இப்போது பொட்டி டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு மூலை விடாமல் தடவிப் பார்க்கிறது. பேர் பார்க்காதாம். ஒலி மாதிரி எது தட்டுப்பட்டாலும் அள்ளி வெளியே போடுமாம். மீதி நேரம் ஒரு மணி நாற்பது நிமிஷம் என்று அவள் வாசித்துச் சொன்னாள். சும்மா உட்கார்ந்திருக்கணும். சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான் எனக்கு வராதே. நீதான் சொல்வாய், இசக்கிக்குக் கையைக் கட்டிப்போட்டா வாய் வேலை செய்யும், வாயைக் கட்டிப்போட்டா கண்ணு வேலை செய்யும் என்று. கண் போய்ப் போய் கீபோர்டுக் கட்டைகளில் ஒண்ணு மேலேயே நிற்கிறது. வலது ஓரத்தில், மேலே பார்த்த அம்புக்குறி. அதை அழுத்தினால் முன்னால் தட்டினது எல்லாம் ஒவ்வொண்ணாகத் திரும்ப எழுந்து வரும். எனக்குத் தெரியும். ஒவ்வொரு வியாழனும் என் பதிவை ஒலிபரப்புக்கு அனுப்புகிறதுக்கு நான் அதைத்தான் அழுத்துவேன், போன வாரம் தட்டினது வரும், நம்பரை மட்டும் மாத்துவேன். அழிச்சதுக்கு அடுத்த வியாழன் மட்டும் சுவரில் ஒட்டின தாளைப் பார்த்துப் புதுசாகத் தட்டினேன், அதுக்கப்புறம் ஒரு தடவைதான் அழுத்துவேன். அதுக்கு மேல் போக மாட்டேன். மேலே போனால் நான் செய்தது எழுந்து வரும்.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லணும், இல்லையா. வரிசையாகத்தான் வர மாட்டேங்குது. உப்புதான் முதலில் வருகிறது. பங்குனி வெயிலில் பாத்தியில் தண்ணி வற்றி மேலே ஆடை கட்டுமே, அந்த வெளிச்சம், கண்ணைத் திறந்தாலும் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. நீ அந்தப் பாத்தி, நான் இந்தப் பாத்தி, நடுவில் ஒரு முழ வரப்பு. வாருபலகை இழுக்கிற சத்தம் சர்ரக், சர்ரக். அந்தச் சத்தத்துக்கு இடையில்தான் நீ கதை சொல்வாய். இழுக்கும்போது நிறுத்துவாய், பலகையைத் தூக்கும்போது சொல்வாய். அதனால் உன் கதைக்கு மூச்சு விடுகிற இடமெல்லாம் தெரியும். முன் பல்லில் ஒரு சந்து உனக்கு, ச வரும்போதெல்லாம் ஒரு சின்ன விசில். இருபத்தி ரெண்டு வருஷம் கேட்டேன். அழத் தெரியாத மருமகள் கதை அதில் ஒண்ணு. மாமனார் செத்த வீட்டில் மருமகளுக்கு அழுகை வரவில்லை, ஊர் ஏசும் என்று முந்தியில் ஒரு கல் உப்பை முடிந்துகொண்டு போய் யாரும் பார்க்காதபோது கண்ணில் தேய்த்துக்கொள்வாள், கண் பொங்கும், ஊரே அவளைப் புகழும், அப்புறம் எந்த வீட்டில் சாவு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மாமியாருக்கு மட்டும் சந்தேகம். நீ மாமியார் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஏ மூதி, உன் கண்ணுல மட்டும் எப்படிட்டி கிணறு ஊறுது?” என்று கேட்கும்போது நாலு பாத்தி தள்ளி நிற்கிறவர்களும் பலகையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் முடிவு கேட்டது கிடையாது. அந்த இடம் வரும்போது லாரி வந்துவிடும், கங்காணி விசில் ஊதிவிடுவான், நீ தலையில் பெட்டியை ஏற்றிக்கொண்டு “மிச்சம் நாளைக்கு” என்று போய்விடுவாய். மறுநாள் வேற கதை. இருபத்தி ரெண்டு வருஷமும் நாளைக்கு, நாளைக்கு. எனக்கு முட்டி போனது, களத்தை விட்டு நின்றேன், ரேடியோவில் கதை சொல்ல ஆள் வேணும் என்று செல்வின் சார் கேட்டார், போனேன். முதல் வியாழன் எனக்கு ஒண்ணும் ஓடவில்லை. ஃபேனை நிறுத்தினார். ஃபேன் சத்தம் மைக்கில் விழும், அதனால் இந்த ரூமில் ஃபேன் நின்றால் ஆள் பேச ஆரம்பிக்கணும், அதுதான் இங்கே வழக்கம். ஃபேன் நின்றது. கழுத்தில் வேர்வை இறங்கியது. வாயைத் திறந்தேன், உன் கதை வந்தது. முடிவை நானாகக் கட்டினேன், மழை வந்து முந்தியில் உப்பெல்லாம் கரைஞ்சு அவள் பிடிபட்டாள் என்று. எங்கே கேட்ட கதை என்று சார் கேட்டார். புஷ்பம் சொன்னது சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூணு வார்த்தை. “நானாச் சொன்னது சார்” என்றேன். அதுவும் மூணு வார்த்தைதான். அதுக்கப்புறம் பஸ்ஸில் ஏறினால் இடம் விடுவார்கள், ரேஷன் கடையில் “கதைக்கார அக்கா” என்பார்கள். நீ அப்போதும் பாத்தியில் நின்றாய். உங்க ஊர் டீக்கடையில் வியாழக்கிழமை நாலு மணிக்கு என் குரல் கேட்கும், உன் கதை கேட்கும். நீ ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டால் தீர்ந்திருக்கும்.

“பெரியம்மா, டீ குடிக்கீங்களா?” ரஹ்மத் கேட்கிறாள். பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுக்கிறாள். இஞ்சி போட்டிருக்கிறாள். எழுபது சதவீதம் என்கிறாள். ஆயிரத்துச் சொச்சம் துண்டு வந்திருக்காம். நல்லதா என்றேன். “வந்திருக்கு, ஆனா எதுக்கும் பேர் இல்ல. எல்லாம் வெறும் நம்பர். நீங்க பதிஞ்சது, சார் பதிஞ்சது, பாட்டு, விளம்பரம், எல்லாம் கலந்து கிடக்கு. அந்தம்மா குரல் எனக்குத் தெரியாதுலா, நீங்கதான் கேட்டுச் சொல்லணும். உங்க காதுதான் இனிமே.” என் காது. சர்க்கரை கொஞ்சம் கூட என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். கேட்டாயா புஷ்பம், என் காதுதானாம். அவளுக்கு உன் குரல் தெரியாது. செல்வின் சாருக்குத் தெரியாது. இமெல்டா அஞ்சு மணிக்கு வேலை முடிந்துதான் வருவாள். அது வரைக்கும் இந்த உலகத்தில் உன் குரல் எது என்று சொல்ல ஒரே ஒரு ஆள், உன்னை அழிச்சவள்.

நீ வந்த அன்னைக்கு மழைக்காலம் ஆரம்பம், களத்தில் வேலை நின்றிருந்தது. ஸ்டேஷனில் ஊர்க்கதை சொல்லலாம், யார் வேணும்னாலும் வரலாம் என்று நானே ரேடியோவில் சொல்லியிருந்தேன், சார் எழுதிக் கொடுத்தார், சொன்னேன், நீ வருவாய் என்று நினைக்கவில்லை. பச்சைச் சேலை, தலையில் ஈரம், கையில் ஒரு குடை. “என்னட்டி இசக்கி, ராணியாட்டம் உக்காந்திருக்கே” என்று உள்ளே வந்தாய். சார் வெளியூர் போயிருந்தார். நான்தான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். நீ என்னைப் பார்த்தாய், சிரிப்பு வந்துவிட்டது உனக்கு. “நீ வெளிய போ. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கத வராது, சிரிப்புதான் வரும்.” வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். போர்வை போட்ட கதவு, ஒண்ணும் கேட்காது. நாற்பத்தியோரு நிமிஷம் கழித்து நீ வெளியே வந்து, “சொல்லிட்டேன். மிச்சம் மீதி வைக்காமச் சொல்லிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று குடையை விரித்துக்கொண்டு போனாய். நான் நோட்டில் எழுதினேன், நானூற்றிப் பதினேழு, தங்கபுஷ்பம், கதை, நாற்பத்தியொண்ணு. எழுதிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். நல்ல மனசோடுதான் மாட்டினேன், நம்பு. அதே கதை. அழத் தெரியாத மருமகள். அதே மூக்கு உறிஞ்சல், அதே விசில், ஆனால் சர்ரக் சத்தம் இல்லாத இடத்தில் நீ உன் மூச்சை வைத்திருந்தாய். நான் ரெண்டு வருஷமாகச் சொன்னது இதன் முன்னால் ஒண்ணுமே இல்லை. வெறும் சக்கை. பன்னிரண்டாவது நிமிஷம் நீ கதையை நிறுத்தினாய். “இந்தக் கதைய ரேடியோவுல இசக்கி சொல்லுதா, கேட்டிருப்பீங்க. நல்லாத்தான் சொல்லுதா. ஆனா” என்றாய். அந்த ஆனாவில் நான் ஹெட்போனைக் கழட்டிவிட்டேன். அதுக்கு மேல் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. இதை ஊரே கேட்கும், பஸ்ஸில் கேட்கும், ரேஷன் கடையில் கேட்கும். சுவரில் சார் ஒட்டின தாள் இருந்தது, தப்பான பதிவை அழிக்கிறதுக்கு. படம் போட்ட ஜன்னல் திறக்கிறதுக்குள் இந்தக் கிழட்டுப் பொட்டியில் டீ ஆறிவிடும், அதனால் கறுப்புத் திரையிலேயே தட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது, உருவம் தெரியும். ஒடிஞ்ச கொக்கி மாதிரி ஒண்ணு, மூணு கால் மாதிரி ஒண்ணு, ஒரு இடைவெளி, அப்புறம் நம்பரும் வாலும். தட்டினேன். என்டரை அழுத்தினேன். நிஜமாவா என்று பொட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனில்கூட ஒரு படத்தை அழிக்கப் போனால் அழிக்கட்டுமா என்று கேட்கும். இது கேட்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்து என்ன என்று புள்ளியைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. அழிச்சேன் என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் உனக்குப் போன் போட்டு, “புஷ்பம், மிஷின்ல பதியலட்டி, அடுத்த வாரம் வா” என்றேன். நீ என்ன சொன்னாய்? “அதுக்கென்ன, மழை விடட்டும். மறுதரம் சொன்னா இன்னும் நல்லாச் சொல்லுவேன்.” ஒன்பதாவது நாள் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே. உன் வீட்டுக்கு வந்தேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை புஷ்பம். முந்தியைத் தொட்டுப் பார்த்தேன், சத்தியமா, முந்தியைத் தொட்டுப் பார்த்தேன்.

முடிந்துவிட்டது. நூறு சதவீதம். ரஹ்மத் விரலைச் சொடுக்கு எடுக்கிறாள். “நாப்பத்தியோரு நிமிஷம்னா ஏறக்குறைய நானூறு எம்.பி. இருக்கும். அந்த அளவுல இருக்கிறத மட்டும் தனியா எடுக்கேன்” என்று ஒரு வரி தட்டுகிறாள். ஆயிரம் துண்டு பத்தொன்பது துண்டாகக் குறைகிறது. எனக்கு ஒரு ஹெட்போன் மாட்டிவிடுகிறாள். முதலாவது, கூட்டம், மைக் டெஸ்டிங், இல்லை. ரெண்டாவது, திருவிழா மேளம். மூணாவது நானே, என் இருமல். நாலு, அஞ்சு. காதில் இரைச்சல் ஓடுகிறது, கடல் சத்தமா மழைச் சத்தமா என்று பிரிக்க முடியாத இரைச்சல். ஆறாவது. பேச்சு இன்னும் தொடங்கவில்லை. ஒரு வளையல் சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஒரு மூச்சு. அவ்வளவுதான், ரெண்டு விநாடிகூட இல்லை, ஸ்டூலில் நீ உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். “இதுவா?” என்று கேட்டாள் ரஹ்மத். “இல்ல. அடுத்தது போடு.” என் வாய்தான் சொன்னது. எவ்வளவு சுலபமாகச் சொன்னது பார்த்தாயா. பொட்டியைக் குறை சொன்னேனே, நிஜமாவா என்று கேட்கவில்லை என்று. இந்த வாய் மட்டும் கேட்டதா? ஏழாவது ஓடுகிறது. ஏதோ டாக்டர், தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்கிறார். எட்டாவது. நான் சொல்லாவிட்டால் முடிந்தது. பத்தொன்பதும் கேட்டுவிட்டு இல்லை என்று சொன்னால் ரஹ்மத் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், பிள்ளை காத்திருக்கும். இமெல்டா வருவாள், கிடைக்கவில்லை என்போம், அழுவாள், போவாள். போன வாரம் வந்தபோது அவள் என்ன கேட்டாள்? “அத்தை, எங்க வீட்ல அம்மா போட்டோ இருக்கு, சேலை இருக்கு. குரல் ஒரு இடத்திலயும் இல்ல. போன்ல பேசுனத யாரு பதிஞ்சு வைக்கா? நாப்பதாம் நாள் ஜெபத்துல ஒரு நிமிசமாவது எல்லாரும் கேக்கட்டும்” என்றாள். நாற்பதாம் நாள் திங்கட்கிழமை. ஒன்பதாவது. அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள், சின்னப்பிள்ளையிலிருந்து. பத்தாவது துண்டில் ஒண்ணுமே இல்லை, வெறும் ஃபேன் சத்தம். யாரோ நிறுத்த மறந்த ஃபேன். அந்த வெறும் ஃபேனைக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் இருந்தேனோ. “ரஹ்மத்து, ஆறாவத திருப்பிப் போடு.” அவள் கை நின்றது. “இல்லைன்னு சொன்னீங்களே?” “போடு தாயி.”

போட்டாள். அவளும் ஒரு காதில் வைத்துக்கொண்டாள். நீ வந்தாய் புஷ்பம். “எங்க இருந்து ஆரம்பிக்க, ம்?” என்று வந்தாய். விசில் அப்படியே இருக்கு. மாமனார் செத்தார், மருமகள் உப்பு முடிந்தாள், ஊர் புகழ்ந்தது, மாமியார் மூக்கை உறிஞ்சிக் கிணறு எப்படி ஊறுதுன்னு கேட்டாள், ரஹ்மத் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணாடியைக் கழட்டித் துடைத்தாள். நான் நிமிஷம் எண்ணுகிறேன். பத்து. பதினொண்ணு. இந்தத் தடவை கழட்ட மாட்டேன். ஏசு, திருடி என்று சொல்லு, என்ன வேண்டுமானாலும் சொல்லு, கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். “இந்தக் கதைய ரேடியோவுல இசக்கி சொல்லுதா, கேட்டிருப்பீங்க. நல்லாத்தான் சொல்லுதா. ஆனா” என்றாய், டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அதுக்கப்புறம் ஒரு குரல் வந்தது, “கிட்ட வந்து உக்காருங்க மக்கா, இன்னைக்கு ஒரு புதுக் கதை” என்று. என் குரல். வியாழக்கிழமைக் குரல். நெய் தடவின மாதிரி வழுவழு என்று, பெருமையாக, உன் நெஞ்சு மேல உட்கார்ந்துகொண்டு. ரஹ்மத் நிறுத்தவில்லை. ஒன்பது நிமிஷம் நான் பேசினேன். ஏதோ ஆடு கதை. என் குரலை நான் இவ்வளவு வெறுத்தது கிடையாது. “இங்கதான் புது ஆளு குடிவந்திருக்காங்க பெரியம்மா. நடுவுல ஒன்பது நிமிசம் போச்சு. அது இனி வராது” என்று மெல்லச் சொன்னாள். ஒரு வழியும் இல்லையா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆனா, என்ன ஆனா புஷ்பம்? ஆனா அது என் கதை என்றாயா? ஆனா அவளுக்கு முடிவு தெரியாது என்றாயா? ஆனா பரவாயில்லை என்றாயா? ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாயே, சொல்லேன். டிக் என்று மறுபடியும் சத்தம். நீ திரும்ப வந்தாய், பாதி வாக்கியத்தில், மாமியார் செத்துக்கிடக்கிறாள், மருமகள் உப்பை மறந்து வந்துவிட்டாள், ஊர் முழுக்க அவள் கண்ணையே பார்க்கிறது, வேற வழி இல்லாமல் செத்தவள் மேல் விழுந்து முகத்தை மறைக்கிறாள், கையில் ஏதோ நெருடுகிறது, மாமியாரின் முந்தி முடிச்சு, அவிழ்த்தால் உள்ளே ஒரு கல் உப்பு. “அவளுக்கும் அழத் தெரியாது மக்கா. நாப்பது வருசமா அவளும் உப்பு வச்சுத்தான் அழுதிருக்கா” என்று முடித்தாய். இருபத்தி ரெண்டு வருஷம் நாளைக்கு நாளைக்கு என்றது இதைத்தானா. அப்புறம் நாற்காலி கிரீச்சென்றது. “எட்டி இசக்கி, பதிஞ்சிருக்கா? இல்ல சும்மா சிவப்பு லைட்ட எரிய விட்டுட்டுப் போயிட்டியா?” உன் சிரிப்பு. முடிந்தது.

மணி அஞ்சாகப் போகிறது. ரஹ்மத் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பொட்டியை அதன் சொந்த டிஸ்க்கில் எழுப்பினாள். “கோப்புக்குப் பழைய பேரையே வச்சிருவோம், என்ன பேர்ல இருந்துதுன்னு பாக்கேன்” என்று சொல்லிக் கறுப்புத் திரையைத் திறந்தாள். நான் நோட்டை நீட்டப் போனேன், இதோ இதில் இருக்கு நம்பர் என்று. அதுக்குள் அவள் விரல் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. மேல் அம்பு. போன வியாழன் வந்தது. மேல் அம்பு. அதுக்கு முந்தின வியாழன். மூணு. நாலு. அஞ்சு. வெளியே இமெல்டாவின் ஸ்கூட்டி நின்ற சத்தம், ஸ்டாண்டு போடுகிற சத்தம். ஆறு. ஒடிஞ்ச கொக்கி. மூணு கால். இடைவெளி. நானூற்றிப் பதினேழு. ரஹ்மத் விரலை எடுத்துவிட்டாள். திரையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. கரண்டு போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, முதலில் இல்லை என்று ஏன் சொன்னேன் என்பதும் தெரிந்துவிட்டது. அந்த வரியை அழிக்க அவளுக்கு ஒரு விநாடி ஆகுமோ அரை விநாடி ஆகுமோ. போர்வையை விலக்கிக்கொண்டு இமெல்டா உள்ளே வந்தாள், வேர்த்துப்போய், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. “அத்தை, கிடைச்சுதா?” கிடைச்சுது என்று ரஹ்மத்துதான் சொன்னாள், நடுவில் ஒன்பது நிமிஷம் போச்சு என்பதையும் சொன்னாள். இமெல்டா அப்படியே நீ உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள், ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரஹ்மத்தைப் பார்த்து, “யக்கா, கரண்டு போனா இப்படியா அழியும்? என்னதான் ஆச்சு அன்னைக்கு?” என்று கேட்டாள். ரஹ்மத் எனக்காகப் பொய் சொல்லவில்லை. என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. திரையில் அந்த வரி அப்படியே நின்றது, புள்ளி சிமிட்டிக்கொண்டு. ரஹ்மத் மைக்கை எடுத்து என் முன்னால் நகர்த்தி வைத்தாள், எழுந்து சுவர் ஓரம் போனாள், ஃபேனை நிறுத்தினாள்.